இருமல் பட்டியல்

துணி அறைக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவதைப் பாதியிலேயே யாரோ விழுங்கினார்கள். லொரெட்டாவின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

இருமுகிறவர்களைவிட இருமலை விழுங்குகிறவர்களிடம்தான் அவருக்குப் பயம் அதிகம். வின்னிபெக்கின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் லொரெட்டா நர்ஸ். வயது ஐம்பத்தெட்டு. அங்கே வேலை செய்யும் தொண்ணூறு பேரின் மூச்சுக்கும் அவர்தான் காவல். தினமும் காலையில் தொண்டை எப்படி, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுவார். கேட்கும்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்வார், காது மட்டும் போதாது என்பதுபோல. பொய் சொல்கிறவர்களுக்காக ஓய்வறைக் குப்பைக்கூடையையும் எட்டிப் பார்ப்பார். இருமல் மிட்டாய்க் காகிதம் மூன்றுக்கு மேல் கிடந்தால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது.

"அலர்ஜிதான், வேற ஒண்ணுமில்ல" என்று ஜனவரியில் ஒருநாள் சலவை பார்க்கும் டாரில் சமாளித்துப் பார்த்தான்.

"வெளிய மைனஸ் முப்பது. எந்தப் பூ பூத்து உனக்கு அலர்ஜி வந்துச்சு? எனக்கும் ஒண்ணு பறிச்சுட்டு வா, பாப்போம்." சொல்லிக்கொண்டே அவனுடைய கோட்டை எடுத்து நீட்டினார் லொரெட்டா.

அனுப்பியதோடு விட்டுவிடவும் மாட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் வந்துவிடும். "படி ஏறினா மூச்சு வாங்குதா? சூப் குடிச்சியா? யார் வச்சுக் குடுத்தா?" யாரும் இல்லை என்று பதில் வந்தால், இல்லத்துச் சமையலறையிலிருந்து ஒரு டப்பா கோழி சூப் அந்த வீட்டு வாசலில் போய் உட்காரும். திட்டுக்குப் பயந்தவர்கள்கூடக் கடைசியில் அவரிடம் உண்மையைச் சொன்னது அதனால்தான்.

இன்றைக்குக் கேட்ட இருமல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரிவிக். கிழக்குப் பகுதிப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலை வாரிவிடும் பிலிப்பினோ பெண். அதே பகுதியில் சமையல் உதவிக்கு இருந்த ஒருவர் நேற்றுத்தான் காய்ச்சலோடு வீட்டுக்குப் போயிருந்தார். இவள் இரண்டாவது ஆள்.

ஏன் ஒளிகிறாள் என்பதும் தெரியும். நவம்பர் தொடங்கி மார்ச் முடிய ஒருநாள்கூட லீவு போடாதவர்களுக்கு இல்லத்தின் நிர்வாகக் குழு ஒரு வெள்ளி வாத்து குத்திவிடும். விரல் நகமளவு ஊசிப்பதக்கம். நோயைப் பிடிக்க ஒரு நர்ஸையும், நோயை மறைக்க ஒரு பரிசையும் ஒரே இல்லம் வைத்திருந்தது. மரிவிக்கின் ஸ்வெட்டரில் ஆறு வாத்துகள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, வானத்தில் பறக்கிற மாதிரியே சாய்வாக. நடுவில், எல்லாவற்றுக்கும் முன்னால் பறக்கும் தலைவனுடைய இடம் மட்டும் காலி.

இன்று மார்ச் கடைசி நாள். மூன்று மணிக்கு விழா. கேக் வந்தாயிற்று. முப்பத்திரண்டு பெரியவர்களை ஒரே கூடத்தில் தோளோடு தோள் உட்காரவைக்கப் போகிறார்கள்.

லொரெட்டா அந்தக் கதவைத் திறக்கவில்லை. பிடித்து இழுத்தால் நாளைக்கு இன்னொருத்தி இன்னும் உள்ளே போய் ஒளிவாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"மரிவிக், என் மேசைக்கு மேல சுவத்துல இருமல் பட்டியலைக் குத்தி வச்சிருக்கேனே, அந்த ஊசியைப் பாத்திருக்கியா?"

லொரெட்டா நாற்காலியைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதுவும் வாத்துதான். ஒன்பது வருஷம் முன்னாடி எனக்குக் குடுத்தது. அப்ப கடைசி வாரம் எனக்கும் இருமல். அலர்ஜின்னு எழுதிட்டு வந்துட்டேன். ஓரெஸ்ட்னு ஒரு பெரியவர், ரயில் ஓட்டினவர். நான் ஊட்டினாத்தான் வாயைத் திறப்பார். தன் தட்டுலேருந்து ஒரு பெரோகி கொழுக்கட்டை எனக்குன்னு எடுத்து வைப்பார். நான் வாத்து வாங்கின நாலாம் நாள் அவருக்கு மூச்சுத் திணறல். பத்தாம் நாள் கட்டில் காலி." லொரெட்டா கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். "என்னாலதான்னு ஒருத்தரும் சொல்லல. யாராவது சொல்லித் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்டி."

கதவு திறந்தது. மடித்த துவாலையை வாயில் அழுத்திக்கொண்டு மரிவிக் நின்றாள். கண்ணீர் துவாலைவரை இறங்கியிருந்தது.

"ஆத்தே..." என்றாள். அவள் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். "ரெண்டு நாளா தொண்டை வலி. நேத்துக் குளிர் காய்ச்சல். நானே சொல்றேன், எழுதிக்கோங்க."

"காலையிலேருந்து யார் யார் பக்கத்துல போன?"

"ஏழு பேர். மாஸ்க் போட்டுத்தான் ஊட்டினேன். இருமறதுக்கு மட்டும்தான் இங்க ஓடி வந்து கழட்டினேன்."

"ரொம்ப நல்லது. அவன் வெளுத்து மடிச்ச துணி மேலயெல்லாம் இருமி வச்சிருக்க. டாரில் உன்னைச் சும்மா விடமாட்டான். போ, வீட்டுக்குப் போய்ப் படு. அஞ்சு மணிக்குக் கூப்பிடுவேன்."

மரிவிக் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். காலி இடத்தை விரலால் ஒருதரம் தடவிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு வந்த குழுத் தலைவர் கார்ல் ஹால்வர்சன், ஆளில்லாத கூடத்தைப் பார்த்துவிட்டு நேராக லொரெட்டாவின் அறைக்கு வந்தார். லொரெட்டா கூட்டத்தை நிறுத்திவிட்டதால் கேக் துண்டுகள் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அரை நாள்தானே பாக்கி? கொஞ்சம் கண்டுக்காம இருந்திருக்கக் கூடாதா? இப்ப விதிப்படி இதை அவளுக்குக் குடுக்க முடியாதே" என்று ஏழாவது வாத்து இருந்த சின்னப் பெட்டியை ஆட்டிக் காட்டினார்.

"குடுக்க வேண்டாம் கார்ல், எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒரு உதவி. நீங்க போற வழியிலதான் அவ வீடு."

லொரெட்டா எழுந்து, பட்டியலைக் குத்தியிருந்த வாத்தைப் பிடுங்கினார். சட்டைக் கையில் துடைத்து, ஒரு சூப் டப்பாவின் மூடிமேல் வைத்து அவரிடம் நீட்டினார்.

"இது உங்களோடதாச்சே?"

"லீவு போடாததுக்கு எனக்குக் குடுத்தீங்க. போட்டதுக்கு நான் அவளுக்குக் குடுக்கிறேன். வாசல்ல வச்சு மணியடிச்சுட்டு வந்துடுங்க, உள்ள போகாதீங்க. டப்பாவைச் சாய்ச்சுடாம போங்க."

ஹால்வர்சன் தன் பெட்டியைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

பிடி இழந்த பட்டியல் சுவரிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கடைசி வரியில் மை இன்னும் புதிதாக இருந்தது: "மரிவிக். இருமல். தானே சொன்னாள்." லொரெட்டா குனிந்து அதை எடுத்தார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, அதே இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.