முப்பதாயிரத்து முப்பத்தொன்றும் தனவேல் சாரும்

சென்ற வியாழனன்று வேப்பூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். விருத்தாசலத்திலிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். "பாய், ஒங்க தனவேல் சாரு தவறிட்டாருங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம்." அடுத்த வண்டியிலேயே ஊருக்குத் திரும்பினேன். சொல்லிக்கொள்ளாமல் போகிற மனிதரில்லை அவர். மனம் ஆறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் நடுவில், கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு எங்கள் பீங்கான் தொழிற்சாலையின் சூளைக்கு மேற்பார்வையாளராக வந்தார். நான் பேக்கிங்கில் இருந்தேன். சூளை ஆறும்வரை வேலை இருக்காது. உடைந்த தட்டின் முதுகில் கரித்துண்டால் எண்கள் எழுதிக்கொண்டிருப்பார். அவர் பார்த்த சாதி இரண்டுதான்: வகுபடும் எண், வகுபடாத பகா எண்.

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு. எல்லாத்தையும் பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க பாய். முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு. இதுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். அந்த ஒண்ணு நான்தான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். தாய் தகப்பன் போனபின் அண்ணன்மார் நிலத்தையும் வீட்டையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கடைக்குட்டியான இவரை யாரும் தம் பாகத்தில் சேர்க்கவில்லை. உறவுக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர், கல்யாணப் பேச்சையே எடுக்கவிடமாட்டார்.

நான் விடுவேனா? ஆபீஸில் கணக்குப் பார்த்த கோமதி அம்மாளுக்கு அவர்மேல் பிரியம். தொழிற்சாலைக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஒருநாள் அந்த அம்மா இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "அந்த எண்ணு வகுபடட்டும், அன்னிக்குப் பண்ணிக்கிறேன்" என்றார். ஐம்பத்து மூன்று வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, அதுவும் பகா எண்தான் என்று முடிவு கட்டியிருந்தார். குதிரைக்குக் கொம்பு முளைக்கிற கதைதான் என்று நான் எழுந்துவிட்டேன். கோமதி அம்மாள் அந்த எண்ணைக் கணக்கேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த அம்மா சூளையடிக்கே வந்தார்.

"சார், அம்பத்து மூணோட ஏன் நிறுத்திட்டீங்க? அம்பத்தொம்பதால வகுத்துப் பாருங்க."

கரித்துண்டை எடுத்து வகுத்தார். ஐந்நூற்று ஒன்பது; மீதியில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"பாய், ஒரு படி முன்னாலயே நின்னுட்டேன்" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

பழமலைநாதர் கோயிலில் கல்யாணம். அண்ணன்மார் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாராக நின்றது நானும் என் மனைவியும்தான்.

வியாழனன்று நான் போனபோது கோமதி அம்மாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மீதியில்லாம வகுத்துக் காட்டினேங்க பாய். இப்ப ஒண்ணு மிஞ்சிப்போச்சு."

எனக்கு முன்னாலேயே வந்திருந்த என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க மாப்பிள்ளை வூட்டுக்காரங்க. இருக்குறோம்ல" என்றாள்.

போய் வாருங்கள், தனவேல் சார். அண்ணன்மார் உங்களை விட்டதுபோல அந்த அம்மாவை யார் பாகத்திலும் சேராமல் விடமாட்டோம்.