உதட்டுக்கு எத்தனை புளியங்கொட்டை?

இந்த வருஷம் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த நான்காம் நாள், நானும் என் மனைவி ஆவுடையும் எட்டு மாதக் கைக்குழந்தையோடு சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். கோவில் பார்க்க அல்ல, சேலை எடுக்கவும் அல்ல. குழந்தை வள்ளிக்கு மேலுதடு பிளந்து பிறந்திருந்தது. வாய்க்குள் அண்ணத்திலும் ஒரு பிளவு. பால் புகட்டினால் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். அதைத் தைத்துச் சரிசெய்கிற ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறது. நம் பக்கத்தில் இப்படிப் பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது, எப்படிப் போவது என்று திகைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், நஷ்டமில்லை.

அந்த ஆஸ்பத்திரி எனக்குப் புதிதல்ல. எனக்கும் பிறவியில் இதே உதடுதான். அண்ணம் மட்டும் தப்பித்தது. பன்னிரண்டு வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய்த் தைத்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயதில் மீசை ஒழுங்காக வளர்ந்ததும் தழும்பை அதற்குள் புதைத்துவிட்டேன். அதன் பிறகு ஏழு வருஷமாக என் மேலுதட்டை நானே பார்த்ததில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் ஆவுடையும் பார்த்ததில்லை. கஞ்சி குடிக்கும்போது மீசை நனைந்து ஒதுங்கிவிடுமே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆவுடைக்கு ஆபரேஷன் என்றாலே நம்பிக்கை இல்லை. கத்தி வைத்தால் முகம் இன்னும் கோணிப்போகும் என்று யார் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஆனால் அவள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

"ஆம்பளப் பிள்ளைன்னா மீசைய வளத்து மூடிக்கிடும். இவ என்னத்தை வளப்பா? தச்ச பொறவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். உங்க மீசைய எடுத்துக் காட்டுங்க, பொறவு பிள்ளையக் குடுக்கேன்" என்றாள்.

தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுக்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். நம் ஊரில் தகப்பன் போனால்தான் மகன் மீசை போகும். இதைவிட வாகான சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது. உண்மையில் எனக்கு வெட்கம். அவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பிறகு நான் எங்கே போய் உட்காருவது? கடைசியில், போய் டாக்டரிடம் கேட்போம், மனசுக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவது என்று பேச்சு முடிந்தது.

ரயில் காலை ஆறு நாற்பதுக்கு. மதுரைக்கு எழுபத்துநாலு மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் பதினைந்து அணா. விருதுநகரில் வண்டி மாற வேண்டும். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ராஜபாளையம் தாண்டும்வரை மலை கூடவே வரும், காற்றும் வரும். வெயில் வலது பக்கத்துக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும்.

பிளந்த உதட்டுப் பிள்ளைக்கு ஓடுகிற வண்டியில் பால் புகட்டாதீர்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடைச் சங்கால் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். வண்டி நின்றால்தான் அது நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்ற ஆறு நிமிஷத்தில் ஆவுடை முக்கால் பாலாடை புகட்டிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு, "கிரகணத்தன்னைக்குக் காய்கறி நறுக்கினியோ?" என்று கேட்டாள்.

"நறுக்கலைக்கா. இவுகளக் கல்யாணம்தான் கட்டினேன்" என்று ஆவுடை என்னைக் கை காட்டினாள். அந்த அம்மாள் விருதுநகர் வரும்வரை என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு மதுரை. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு மைல். குதிரை வண்டிக்காரர் பத்து அணா கேட்டு எட்டு அணாவுக்கு இறங்கினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் இரண்டு அணாவைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டார்.

டாக்டரம்மாதான் பதினாலு வருஷத்துக்கு முன் என்னைத் தைத்தவர். இப்போது தலை நரைத்து, கனமான கண்ணாடி போட்டிருக்கிறார். வள்ளியின் வாயை விளக்கடித்துப் பார்த்தார். முதலில் உதடு, அண்ணத்தை அடுத்த வருஷம் தைத்துக்கொள்ளலாம் என்றார். ஆவுடை விடவில்லை. தைத்த பிறகு முகம் எப்படி இருக்கும் என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

"நல்லா இருக்கும்னு நான் சொன்னா நீ நம்பக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. "நான் தைச்ச உதடு என் கண்ணுக்கு அழகாத்தான் இருக்கும். அதனால சம்பந்தம் இல்லாதவங்களைக் கேக்குறதுதான் இங்கே வழக்கம். நீங்க ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்களேன்."

வராந்தா மேசைமேல் பத்துப் படங்களை எடுத்துவைத்தார். எல்லாம் இங்கே தைத்துக்கொண்டவர்களின் முகம், தைத்து ஒரு வருஷம் கழித்து எடுத்தது. ஆனால் ஒவ்வொரு படத்தின்மேலும் கெட்டி அட்டை ஒன்று மூடியிருந்தது. அட்டையில் வெட்டிய சின்ன ஜன்னல் வழியாக மூக்கும் உதடும் மட்டும் தெரியும். கண் அழகாக இருந்தால் ஜனங்கள் உதட்டுக்கும் சேர்த்து மார்க்கு போட்டுவிடுகிறார்களாம், அதற்காக இந்த ஏற்பாடு. மார்க்கு என்பது புளியங்கொட்டை. தைத்ததே தெரியவில்லை என்றால் ஒரு கொட்டை, மிகவும் மோசம் என்றால் ஐந்து. படத்துக்கு நேராக இருக்கிற மூடி போட்ட கிண்ணத்தில், அவரவர் கொட்டையைக் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதிப் போட வேண்டும். தோட்டக்காரரும் சமையல்கார அம்மாளும் சலவைக்காரரும் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

நான் ஊரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவன். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை வெளிச்சத்தில் விரித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கரை கோணியிருக்கிறது என்று குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்றாம் படத்தில் மூக்குத் துவாரம் ஒன்று சப்பை. ஐந்தாம் படத்தில் உதட்டுக் கரை ஒரு நூல் ஏறியிருந்தது. விறுவிறுவென்று கொட்டைகளை மடித்துப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏழாம் படத்தில் கை நின்றுவிட்டது. இடது பக்கம் தையல் கோடு, அதன் அடியில் கடுகளவு மச்சம். அது என் உதடு. பதிமூன்று வயதில் எடுத்த படம். வேறு எதையும் யோசிக்கவில்லை, ஐந்து கொட்டையை மடித்துப் போட்டுவிட்டு எட்டாம் படத்துக்குப் போய்விட்டேன்.

பின்னால் ஆவுடை வந்தாள். அவள் அவசரப்படவில்லை. ஏழாம் படத்துக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள். நான் வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோடு தெரியுது. ஒரு பக்கம் லேசா ஏறியிருக்கு" என்றாள் டாக்டரம்மாவிடம். "ஆனா இப்பம் சிரிச்சிரும் போல இருக்கு. சிரிப்ப அடக்கிட்டு நிக்க மாதிரி." இரண்டு கொட்டை போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா ஏழாம் கிண்ணத்தைத் திறந்து காகிதங்களைப் பிரித்தார். தோட்டக்காரர் இரண்டு, சமையல்கார அம்மாள் மூன்று, சலவைக்காரர் இரண்டு, ஆவுடை இரண்டு. என் காகிதத்தில் மட்டும் ஐந்து. அவர் படத்தின்மேல் இருந்த அட்டையை எடுத்தார். எண்ணெய் வழிய வாரிய தலையோடு படத்துக்குள் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

ஆவுடை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தில் என் பெயரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "தனக்கே அஞ்சு கொட்டை போட்டிருக்காவ பாருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"இதனாலதான் யாருக்கும் அவங்க சொந்தப் படத்தை நான் காட்டுறதில்லை. இன்னைக்கு உனக்காக மீறிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

சிரித்து முடித்ததும் ஆவுடை தன் கேள்விக்கே திரும்பிவிட்டாள். "இது பதிமூணு வயசு உதடு. வளந்த பொறவு எப்படின்னுதான எனக்குத் தெரியணும்?" இந்த முறை நான் அப்பாவைச் சாக்குச் சொல்லவில்லை. இரண்டு கொட்டை போட்டவளிடம் எதை மறைப்பது?

ஆஸ்பத்திரி வாசலில் வாகை மரத்தடியில் ஒரு நாவிதர் உட்கார்ந்திருப்பார், சவரத்துக்கு இரண்டு அணா. மீசையை எடுக்கச் சொன்னதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தகப்பனாருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, உள்ளே என் பெண்சாதி பார்க்க வேண்டுமாம் என்றேன். இருபது வருஷமாக இந்த மரத்தடியில் இருக்கிறேன், இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை என்றார்.

மணி மூன்றேகால். மேலுதட்டில் காற்றுப் படுவது என்னவோ போல் இருந்தது. வராந்தாவுக்கு வந்து அவள் முன்னால் நின்றேன். "வெளிச்சத்துக்குத் திரும்புங்க" என்றாள். நான் சேலையை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தாள், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா ரெண்டு வருசமா சுவத்தப் பாத்துக் கஞ்சி குடிச்சிய?"

அவ்வளவுதான். திரும்பி, வள்ளியை டாக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முறுக்கிச் சமாளிக்க மீசையும் இல்லை, மறைத்துக்கொள்ள இடமும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வள்ளியை உள்ளே கொண்டுபோனார்கள், ஒன்பதேகாலுக்கு வெளியே வந்தாள். பிள்ளை தையலைப் பிய்த்துவிடாமல் இருக்க இரண்டு முழங்கையும் மடங்காதபடி தப்பை வைத்துக் கட்டுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், கட்டை அவிழ்த்துவிடாதீர்கள். பதின்மூன்று நாள் தங்கினோம். என் சவரத்தைத் தினமும் தொடர்ந்தேன், மகளும் அப்பாவும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஆவுடையின் உத்தரவு.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். பதினொரு மணிக்கு மதுரை, இரண்டு மணிக்கு ராஜபாளையம், அங்கே மாறி சிவகிரி வழியாகச் சுற்றிப் போகும் பஸ். வெயில் மண்டையைப் பிளந்ததால் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று. சிவகிரியில் வத்தல் வியாபாரி ஒருவர் ஏறினார், அப்பாவுக்கு முப்பது வருஷச் சிநேகிதர். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரர் இருவர் எழுந்து ஆவுடைக்கு இடம் விட்டார்கள். கட்டுப் போட்ட பிள்ளையைப் பார்த்து எத்தனை இரக்கம், நம் ஜனங்களைப் போல உண்டா என்று மனசு குளிர்ந்துபோனேன்.

துட்டியை, அதாவது சாவுத் துக்கத்தை, வீட்டு வாசலில்தான் விசாரிக்க வேண்டும், வழியில் கேட்பது முறையல்ல. இது எனக்குத் தெரியும். ஆனால் மீசையும் இல்லாமல், துண்டுக்குள் மொட்டைத் தலை என்று நினைக்கும்படி இருந்த என் முகத்தில் துட்டி எழுதியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மாலை ஐந்து பத்துக்குச் சங்கரன்கோவில் பஸ் நிலையம். எதிர்ச் சாரியில்தான் அப்பாவின் வாடகைச் சைக்கிள் கடை. வியாபாரி மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார், பின்னால் அந்த இருவர். கடை வாசலில் அப்பா குனிந்து ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

வியாபாரி அப்படியே நின்றார். "வே, நீரு இருக்கீரா?"

"இல்லாம எங்க போவேன்? பொழுதடைஞ்சாத்தான கடையச் சாத்துவேன்" என்றார் அப்பா.

வியாபாரிக்குத் துக்கம் கோபமாக மாறிவிட்டது. "தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மீசைய எடுத்துட்டு வந்திருக்கான். என்னன்னு கேளும் வே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா பம்பைக் கீழே வைத்தார். மசகுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, என் மோவாயைப் பிடித்து முகத்தை வெயில் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் கூட்டிட்டுப் போயி தச்சுட்டு வந்த உதடு வே. ஏழு வருசமா எனக்குக் கண்ணுல காட்டல இவன்" என்றார் சிநேகிதரிடம். பிறகு என்னிடம், "ஏலே, தெனமும் ஒருக்க நான் செத்ததா இருந்துட்டுப் போறேன். நீ பாட்டுக்கு வழிச்சுக்கோ."

துட்டிக்கு வந்தவன் சும்மா போகக் கூடாது என்று வியாபாரி எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார். வள்ளிக்குப் பாலாடையில் பால். ஒரு சொட்டுகூட உதட்டோரம் வழியவில்லை, மூக்கு வழியாக மட்டும் கொஞ்சம் வந்தது. அது அடுத்த வருஷத்து வேலை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்குச் சளி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், சளி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாலாடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் ரயிலில் தொலையும். ஒரு வருஷம் கழித்துப் படம் எடுக்க வரச் சொல்வார்கள், சரியாகிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். வேறொரு தாய் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தன் பிள்ளையைக் கொடுப்பாள். மீசையை எடுக்கிறவர்கள் ஊருக்கு முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுவிடுங்கள், தலையில் துண்டு கட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சவரம் முடிந்து கண்ணாடியில் என் உதட்டுக்கு மறுபடி மார்க்கு போட்டுப் பார்த்தேன். குற்றம் பார்க்கிற கண் லேசில் மாறுமா, மூன்றுக்குக் கீழே இறங்க மனசு வரவில்லை. ஆவுடை இரண்டுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா ஒன்று என்கிறார். பெற்றவன் கொட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு கொட்டையைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.