பொன்னாயியின் பத்தொன்பது பேர்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்புகிறவரா நீங்கள்? அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். கீழ்க்கோத்தகிரிச் சரிவில் ஒரு தோட்டம். அதன் கீழ் டிவிஷனிலிருந்து பத்தொன்பது நாள் பச்சை இலை லாரியில் ஏறி ஃபேக்டரிக்குப் போனது. அந்தப் பத்தொன்பது நாளும் அங்கே ஒருத்திகூட வேலைக்கு வரவில்லை என்றது கம்ப்யூட்டர். அப்படியென்றால் இலை தன்னைத்தானே கிள்ளிக்கொண்டு வந்து லாரியில் ஏறிக்கொண்டதா?

அந்தத் தோட்டத்தில் படித்தவர் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டவர் வீரையா. அவரும் காலம் தாழ்த்தித்தான் கேட்டார்.

வீரையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழ் டிவிஷனுக்குக் கணக்கப்பிள்ளை. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று, வந்தவர்களைப் பதிந்து, மலைக்கு அனுப்புவது அவர் வேலை. இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தப் பக்கம் விழுந்தவர். இருபது வயதில் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. மனைவி மாரியாயி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இருந்த லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். ஐந்து பூட்டிக் கிடந்தன. காலையில் வடித்த சோற்றையே மூன்று வேளையும் தின்றார். வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. லயத்தின் அந்தக் கோடி வீட்டில் பொன்னாயி இருந்தாள். அவளும் தனி ஆள்தான். போகும்போதும் வரும்போதும் அவரை ஒரு வார்த்தை சீண்டாமல் போகமாட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு அன்றைய பேச்சு.

ஆள் குறைப்பு நடந்த அதே வருஷம்தான் தோட்டத்துக்கு மெஷின் வாங்கினார்கள். அரைச் செங்கல் அளவு இருக்கும். ஆளின் அட்டையிலுள்ள கறுப்புக் கோடுகள் மேல் அதன் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்தால் 'கீக்' என்று கத்தும், வருகை பதிந்தாயிற்று. சாயந்திரம் இலை லாரியோடு மேலே ஆபீசுக்குப் போகும். அங்கே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தாங்கி. அதில் உட்காரவைத்தால், மெஷினின் அடியில் பொட்டளவு இருக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும். மெஷின் காலியாகும். காலையில் திரும்பி வரும்போது திரையின் மூலையில் ஒரு சைபர் இருக்கும்.

வீரையா மழைக்கு அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பார். அது போதாதா பொன்னாயிக்கு?

"கணக்கப்புள்ளைக்கு அறுபது வயசுல புள்ள பொறந்திருக்கு, பாருங்கடி!"

"ஐம்பத்தெட்டு" என்பார் வீரையா.

"சரி, சாயந்திரம் மறக்காம தொட்டில்ல போடச் சொல்லுங்க. அழுவப் போவுது."

அட்டையை நீட்டிவிட்டு, கீக் சத்தம் கேட்டாலும், "பேரு விழுந்துச்சா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். ஒரு நாள் வேலைக்கு அவர்கள் பேச்சில் 'பேர்' என்று பெயர். முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். இலங்கையிலிருந்து உடைமை எதையும் கொண்டுவர முடியாதவர்கள் கொண்டுவந்த சொல். வேலை செய்யாத நாளில் பேரே இல்லாத மனுஷி என்று ஆக்கியவன் எந்தத் துரையோ, தெரியவில்லை. அந்தச் சொல்லை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. செடி வெட்டும் கவாத்துக் கத்தி, தராசு, கூடை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். வீரையா மெஷினையும் வைத்தார். சந்தனத்தைக் குழைத்து அதன் முகத்துக்குக் கொண்டுபோனார்.

"மூஞ்சியில வக்காதீங்க, எழுத்து மறைஞ்சிரும்" என்றாள் பொன்னாயி. "அடியில பாருங்க, கண்ணு மாதிரி கறுப்பா ஒண்ணு இருக்கு. அங்க வைங்க."

வைத்தார். தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சூடம் காட்டி இரண்டு பேரும் கும்பிட்டார்கள். துடைக்க ஒரு துணியைத் தவிர அந்தக் கண்ணாடி யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து மெஷின் வழக்கம்போல் கத்தியது. கோடுகளைப் படிக்கும் கண் வேறு. அது நன்றாகத்தான் இருந்தது. பதினொரு பெண்கள், பதினொரு கீக். மேலே ஆபீசில், மெஷின் வேலை தெரிந்த யூனிஸ் என்ற பெண்ணைப் போன மாதம்தான் ஆள் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வேலை ஹெட் கிளார்க் சில்வஸ்டர் தலையில் விழுந்தது. அவர் மெஷினைத் தாங்கியில் வைப்பார். கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வரும். எண்டரைத் தட்டினால் அது போய்விடும் என்று கண்டுகொண்டார். பிறகு சைபர் வரும். கீழ் டிவிஷனுக்கு நேராகச் சைபர் ஏறும்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பதினொரு நோட்டீஸ் வந்தது. பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து வராததால் வேலையை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுகிறார்கள். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழ் டிவிஷனை மூடிவிட நிர்வாகத்துக்கு ஏற்கெனவே ஆசை. இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் சொன்னபின் தலையெழுத்து என்றுதான் எல்லோரும் நின்றார்கள். மேனேஜர் துரையும் அப்படித்தான் பேசினார். பாட்டாளிகளும் அப்படியே நம்பினார்கள்.

பெரட்டுக்களத்தில் பெண்கள் வீரையாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சத்தம் வந்துச்சே! என் காதால கேட்டேனே!" என்றாள் பொன்னாயி. "அந்தப் பேரெல்லாம் எங்க போச்சு?"

"மேல அனுப்பிட்டேன் தாயி. எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியாதுதான். எங்க பேர வித்துட்டு உங்க பேரக் காப்பாத்திக்கிட்டீங்க."

அவருக்கு நோட்டீஸ் வரவில்லை. அது ஒன்றே சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை. டீக்கடை மாரிச்சாமி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். குழாயடியில் அவர் குடத்தோடு போனால் இருந்தவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பொன்னாயி ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். இருபத்தெட்டு வருஷம் இருந்த வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டிருந்தாள்.

"எங்க போற, பொன்னாயி?"

பஸ் ஏறும்போது கண்டக்டரிடம், "மேட்டுப்பாளையம் போயி திருப்பூரு பஸ்ஸு புடிக்கணும்" என்றாள். அது அவருக்கும் கேட்கட்டும் என்று சொன்னாளா, தெரியாது.

மெஷின் மட்டும் சனிக்கிழமையும் லாரியில் இறங்கி வந்தது. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வீரையா வழக்கமான நேரத்துக்குப் பெரட்டுக்களத்துக்குப் போனார். பழக்கம். பனி விலகும்வரை நின்றார். யாரும் வரவில்லை. தனியாக நிற்கிற மனிதன் கையிலிருப்பதைப் பார்ப்பான். அவர் பார்த்தார். திரையின் மூலையில் 209.

யூனிஸ் இருந்தவரை காலையில் சைபர் இருக்கும். பூஜைக்குப் பிறகு எண் ஏறிக்கொண்டே வந்தது. மாத மொத்தம் போலும் என்று நினைத்திருந்தார். இன்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினொரு பேர், பத்தொன்பது நாள். இருநூற்று ஒன்பது.

பேர் எங்கும் போகவில்லை. எல்லாம் கைக்குள்ளேயே இருந்தன.

மெஷினைத் திருப்பினார். கண்ணாடியின் மேல் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. குங்குமம் கறுத்திருந்தது. பிறகு அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் மலையேறினார்.

"ஏனுங்க வீரையா, கம்ப்யூட்டரு சைபருன்னு காட்டுச்சுங்க, நான் சைபருன்னு ஏத்துனனுங்க" என்றார் சில்வஸ்டர். "எம்மேல என்னங்க தப்பு?"

"தப்பு என்னுதுங்க. பொட்டு வச்சவன் நான். ஆனா எலை வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"யாரு கிள்ளுனது?"

சில்வஸ்டர் மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தார். அதைக் கேட்டுக்கொண்டே வந்த துரை சொன்னார்: "கான்ட்ராக்ட் ஆள் பறிச்சதா எழுதியாச்சு. லிஸ்ட்டும் மேல போயாச்சு. மெஷின்ல இருக்கறத அழிச்சிட்டு வச்சிட்டுப் போ."

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வீரையா ஒரு துரைக்கு முன்னால் உட்கார்ந்தார். துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் சுரண்டாமல், கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார்.

"எந்தக் கான்ட்ராக்ட் ஆளுங்க தொர? ஒரு பேரு சொல்லுங்க, எழுந்து போயிர்றேன்."

துரை சில்வஸ்டரைப் பார்த்தார். வீரையா மெஷினைத் தாங்கியில் வைத்தார். சில்வஸ்டரின் விரல், யாரும் சொல்லாமலே, பொத்தானை அழுத்தியது. திரையில் எண்கள் ஓடின. நாற்பது, தொண்ணூறு, நூற்று எழுபது. இருநூற்று ஒன்பதில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது, மணி இருந்தது. வீரையா காகிதத்தில் அடித்துக் கேட்டார். வாங்கியபின்தான் எழுந்தார். அவர் கீழே போய்ச் சொல்ல, சாயந்திரத்துக்குள் பத்துப் பெண்களும் ஆபீஸ் வாசலில் அந்தக் காகிதத்தோடு நின்றார்கள்.

பத்து நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. பதினொன்றாவது ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கார்த்திகை மாதக் கடைசித் தேதிக்குள் வராவிட்டால் வீடு பூட்டப்படும். பெண்கள் வீரையாவிடம் மறுபடியும் பேசுகிறார்கள். ஆனால் காலையில் பத்துக் கீக் முடிந்தபின் அவர் ஒரு நிமிஷம் மெஷினைப் பிடித்தபடியே நிற்கிறார். சீண்டுவதற்கு ஆள் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போய்த் தேடினார். அத்தனை கம்பெனி, அத்தனை வாசல், எங்கே என்று தேடுவது?

அதனால் திருப்பூரில் இருக்கிற உங்களிடம் கேட்கிறேன். வேலை விடுகிற நேரத்தில் உங்கள் பனியன் கம்பெனி வாசலில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே யாரும் நாள் வேலையைப் பேர் என்று சொல்வதில்லை. கட்டைவிரல் இலைக்கறையில் கறுத்த ஒரு பெண் சூப்பர்வைசரிடம், "எனக்கு இன்னிக்குப் பேரு விழுந்துச்சா?" என்று கேட்டால், அவளை நிறுத்துங்கள். விழுந்துச்சு, பத்தொன்பதும் விழுந்துச்சு என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கார்த்திகை முடிவதற்குள் கோத்தகிரி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.