டப்பாவில் எழுத வேண்டிய பெயர்

குன்னூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஏறும் சந்தில் இருக்கிறது வாசுகியின் மருந்துக்கடை. மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அந்த லயத்தில் முதன்முதலாக மருந்தாளுநர் படிப்பு முடித்தவர் வாசுகிதான். இப்போது வயது நாற்பத்தைந்து. அவர் சிரித்தால் நாலு கடை தள்ளியிருக்கும் செருப்புக்கடை வரை கேட்கும்.

கம்பெனி மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பதைவிட, மருந்தைக் கலந்து தயாரிப்பதில்தான் அவருக்கு ஆசை. கடையின் பின்னறையில் ஒரு தராசும் மருந்து அரைக்கும் கல்வமும் தடித்த கண்ணாடிப் பலகையும் வைத்திருந்தார். தோல் மருத்துவர் ஆறுமுகசாமி எழுதித் தரும் களிம்பு அங்கேதான் தயாராகும். கொழுந்து பறித்துக் கை வெடித்தவர்களுக்கான களிம்பு. அதில் யூரியா சேருகிறது என்று கேட்டதும் பெண்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

“ஏனுங்க, தேயிலைக்குப் போடறதையா கைக்குப் போடறீங்க? விரல்ல கொழுந்து முளைச்சிரும்!”

“முளைச்சா நானே வந்து பறிச்சுக்கறேன், போங்க” என்பார் வாசுகி.

போன வருஷம் மழை தொடங்கியபோது கிளினிக்கில் கூட்டம் அதிகமானது. டாக்டர் போனில் கூப்பிட்டார்.

“ஒவ்வொருத்தருக்கும் சீட்டு எழுத முடியலீங்கம்மா. நாப்பது டப்பா செஞ்சு அனுப்பிடுங்க. வர்றவங்களுக்கு நானே குடுத்துக்கறேன்.”

வாசுகிக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது. பெருமைதான் ஜெயித்தது. நாற்பது டப்பா போயிற்று. அடுத்த நாற்பதை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த காலையில், அரசு மருந்து ஆய்வாளர் ரேகா கடைக்குள் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. குடையை வாசலில் உதறிவிட்டு ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார்.

“இது எந்த நோயாளிக்குங்க?”

“டாக்டருக்குங்க.”

“டாக்டருக்குக் கை வெடிப்பா?”

வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ரேகா சிரிக்கவில்லை.

“ஒரு ஆள் பேருக்குச் சீட்டு வந்தா நீங்க தாராளமா கலக்கலாம். மொத்தமா செஞ்சு டாக்டருக்கு அனுப்புனா அது உற்பத்தி. அதுக்குத் தனி லைசென்ஸ், தனி இடம், பரிசோதனை எல்லாம் வேணும். ஏற்கெனவே போன நாப்பது யார் யார்கிட்ட இருக்கு?”

வாசுகி டாக்டருக்குப் போன் போட்டார். யார் யாருக்குக் கொடுத்தார் என்று அவரும் குறித்து வைக்கவில்லை. ரேகா பெட்டிக்கு சீல் வைத்து, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். செய்தது தப்பு என்று வாசுகி ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். அதோடு, கிளினிக்கின் வருகைப் பதிவைப் பார்த்து ஒவ்வொருவராகத் தேடவும் ஆரம்பித்தார். போன் இல்லாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மஞ்சூர் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு லயத்தில் மூக்கம்மா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருந்தது.

“போடப் போட அரிப்பு கூடுது. கேக்கலாம்னா டப்பாவுல கடைப் பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கைதான் கெட்ட கைன்னு நெனச்சுட்டேன்.”

வாசுகிக்கு முகம் சுண்டிவிட்டது. “உங்க கை மேல தப்பே இல்லீங்க்கா. தப்பு என்னுது” என்றார்.

மறுநாளே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார். களிம்பில் சேரும் ஒவ்வொரு பொருளையும் முதுகில் தனித்தனியாக ஒட்டிப் பார்த்ததில், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. டாக்டர் அதை நீக்கி மூக்கம்மாவின் பெயருக்கு ஒரு சீட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “இனி எல்லாருக்கும் எழுதறேங்கம்மா. என் கை வெடிச்சா எனக்கும் ஒரு டப்பா குடுங்க” என்றார்.

மூன்று வாரத்தில் மூக்கம்மாவின் கை ஆறியது. தன் களிம்பில் அந்தக் கொழுப்பு கிடையாது என்பதை எஸ்டேட் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டார். சீட்டோடு வருகிறவர்கள் பெருகினார்கள். நோயாளி பெயர், சேர்த்த பொருள், தயாரித்த தேதி, கடையின் பெயர் எல்லாவற்றையும் வாசுகி டப்பாவில் எழுதி, வாசித்தும் காட்டுகிறார். தன் பெயர் அச்சுப்போல எழுதியிருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில், காலியான டப்பாவைத் தூக்கிப் போட மறுக்கிறவர்களும் உண்டு.

தை மாதம் ரேகா மறுபடி வந்தார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் சீட்டை நீட்டி, “வாசுகி மருந்து வேணுங்க” என்றார்.

ரேகா நிமிர்ந்து பார்த்தார். “உங்க பேர்ல மருந்து விக்கறீங்களா?”

“ஐயோ, அந்தப் பேரை நான் வெக்கலீங்க மேடம்! அவங்களா கூப்பிடறாங்க.”

அந்தச் சீட்டுக்கு வாசுகி தயாரித்த டப்பாவை ரேகா வாங்கி எல்லா வரியையும் படித்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

“கூப்பிடறதுக்கெல்லாம் சட்டத்துல தடை இல்லீங்க” என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.