பார்த்தும் பாராமல்

நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா என் சான்றிதழ்களை முழுதாகப் புரட்டவே இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு என் தோள்களைத்தான் பார்த்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து பொன்மலை மைதானத்தில் ஆடி ஆடி வந்து சேர்ந்த தோள்கள். "கபடியா, வாலிபாலா?" என்று கேட்டார். கபடி என்றேன். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், "சைக்கியாட்ரியில போட்டுடலாம் சார், அங்கதான் ஆம்பள ஆளு பத்தல" என்றார். நான் கேட்டிருந்தது தீவிர சிகிச்சைப் பிரிவு. அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநல வார்டில் என் வேலை இப்படித்தான் தொடங்கியது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொன்னபோது சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "அடிப்பாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து விசாரித்தவர்களிடம், "ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எந்த வார்டு என்று துருவிக் கேட்டால், "எல்லா வார்டும்தான் பாக்கணும்" என்பாள். எனக்குப் பெண் பார்க்க வேண்டிய காலம் வரும், அதற்குள் நான் வேறு வார்டுக்கு மாறிவிடுவேன் என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அனுபவச் சான்றிதழ் கையில் வந்ததும் சவூதிக்குப் போய்விடுவது என்பது என் திட்டம். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் திட்டம்.

கல்லூரியில் நோய்களின் பெயர்களைப் படித்திருந்தேன். மருந்துகளையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வார்டில் என்னிடம் யாரும் அதையெல்லாம் கேட்கவில்லை. யாராவது கத்தினால், கட்டிலைப் புரட்டினால், ஊசி போட்டுக்கொள்ள மறுத்தால், "தம்பி, வாங்க" என்று ஒரு குரல் வரும். போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் மற்றவர்கள் வேலையை முடிப்பார்கள். மற்ற நேரத்தில் நான் சும்மா நின்றால் போதும். கம்பி போட்ட நீளமான வராந்தாவில் கேரம் போர்டைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஸ்டிரைக்கரை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கைகளைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகவே இல்லை. வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூட என் கைகளை நானே யாருடையதோ போலப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு சார் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். அவர் அனுமதி தந்திருப்பதால் இதை எழுதுகிறேன். ஆனாலும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். கோயில் கைங்கரியக் குடும்பம். அதிர்ந்து பேசாதவர் என்று ஊரில் பெயர். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஒருநாள் விடிந்ததும் பள்ளிக்குப் போய், வகுப்புச் சுவர்கள், நடைபாதை, தண்ணீர்த் தொட்டி என்று கண்ட இடமெல்லாம் சாக்பீஸால் கணக்குப் போட்டு நிரப்பிவிட்டார். பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேசை மேல் நின்று பாடிக்கொண்டிருந்தார். இனி உலகத்தில் ஒருவருமே கணக்கில் தோற்க முடியாது, அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தார். யாரோ அதைப் போனில் வீடியோ எடுத்துவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே அந்த வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரரே, "இவருதானா அது?" என்று கேட்டாராம். அவருடைய மனைவி அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மனைவியும் மைத்துனரும் இரண்டு பக்கமும் பிடித்திருக்க, அவர் சூத்திரங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வழக்கமான குரல் வந்தது. "தம்பி, வாங்க." போய் இரண்டு கைகளையும் பிடித்தேன். சட்டென்று சூத்திரத்தை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். கையை அல்ல, முகத்தை.

"யாருப்பா நீ? என்னமா கை உனக்கு! எடு கையை. நானே உட்கார்றேன்."

"விடாதீங்க தம்பி" என்றார்கள் பின்னாலிருந்து. ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விட்டேன். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கையைத் தானே நீட்டினார். ஊசி ஏறும்போது அறையில் இருந்த எல்லோரையும் பார்த்து, "பாருங்கோ, உட்கார்ந்துட்டேன். சொன்னா உட்கார மாட்டேனா?" என்றார்.

அன்றிலிருந்து யாரையும் பிடிப்பதற்கு முன்னால் கேட்டுப்பார்க்கத் தொடங்கினேன். "உட்கார்றீங்களா சார்?" "கொஞ்சம் பேசலாமாண்ணே?" சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. ஒருமுறை சாம்பார்க் கிண்ணம் என் மேலேயே வந்து விழுந்தது. ஆனாலும் கேரம் போர்டு பக்கம் போனால் பேச்சு நிற்பது குறைந்தது. கொஞ்ச நாளில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கணக்கு சார் எனக்கு ஜோடியாக ஆடுவார். தூக்கம் திரும்பிய பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டிருந்தார். மெல்லிய குரல், கொஞ்சம் கூச்சம். அவர் மனைவி தயிர்சாதமும் நார்த்தங்காயும் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதியவன், எனக்குத் தெரியவில்லை. நோய் உச்சத்தில் இருந்தபோது அவருக்கு வெட்கம் இல்லை. குணமானதும்தான் அது வந்தது. வீடியோவை யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை, அவரே தேடிப் பார்த்திருக்கிறார். அடுத்தமுறை வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது தரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டேங்கறார்" என்றார் மனைவி. சார் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "குழந்தைகள் முகத்துல எப்படி முழிப்பேன்?" டாக்டர் மருந்தை மாற்றினார். தனியாக விடாதீர்கள் என்று மனைவியிடம் அழுத்திச் சொன்னார்.

ஒரு பகலில் நான் டியூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் வார்டுக்குப் போன் வந்தது. சாரின் மனைவி. "காலம்பற கோயிலுக்குன்னு போனார், இன்னும் வரலை. போனை ஆத்து மேஜைலேயே வெச்சுட்டுப் போயிருக்கார்."  மைத்துனர் கோயில் பக்கம் தேடப் போயிருந்தார். டாக்டரிடம் சொன்னேன். கண்டுபிடித்து உடனே அழைத்து வரச் சொன்னார். பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். ஆற்றில் புதுத் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வண்டி தானாக அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் திரும்பியது.

தர்ப்பணம் கொடுப்பவர்கள், குளித்துக் கரையேறுபவர்கள் என்று படித்துறை நெரிசலாக இருந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில், கடைசிப் படியில், கால்களைத் தண்ணீரில் விட்டபடி அவர் உட்கார்ந்திருந்தார். சீருடையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேன்ட் நனைந்தது.

"நீயா" என்றார், திரும்பாமலே. "டியூட்டி இல்லையா?"

"முடிஞ்சிருச்சு சார்."

கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது பாடம் எங்கோ தூரத்தில் இருந்தது. நான் கேட்டு, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான் இருந்தது.  பிறகு கேட்டுவிட்டேன்.

"சார், செத்துப்போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

பக்கத்தில் ஒரு சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். 

"தோணறது" என்றார். "ரொம்ப நாளா தோணறது. சாப்டேளா, மாத்திரை போட்டுண்டேளான்னு எல்லாரும் கேக்கறா. இதை மட்டும் ஒருத்தரும் கேக்கலைப்பா."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். நெடுநேரம் அழுதார். படித்துறையில் அழுபவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அது எங்களுக்கு வசதியாக இருந்தது. அழுகை ஓய்ந்ததும், "டாக்டரப் பாத்துட்டு வரலாமா சார்?" என்றேன்.

"வரலைன்னா இழுத்துண்டு போயிடுவியா?"

"நீங்களா எழுந்திருச்சு வந்தாத்தான் சார் எனக்கு வேணும்."

முதலில் அசையவில்லை. பிறகு எழுந்தார். படி வழுக்கியதால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்து அவர் மனைவியிடம் போனில் பேசச் சொன்னேன். "நான்தான்" என்றார், உடனே போனை என்னிடம் கொடுத்துவிட்டார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பாலம் முழுக்க என் சட்டையைப் பிடித்திருந்தார். இந்தமுறை வார்டுக்குள் யாரும் பிடிக்காமல் நடந்து வந்தார்.

தேறுவதற்கு மாதங்கள் ஆயின. மீண்டும் பள்ளிக்குப் போன முதல் நாளைப் பற்றி வெளிநோயாளிப் பிரிவில் என்னிடம் சொன்னார். "போர்டுல மட்டும்தான் எழுதினேன்ப்பா. ஒரு குழந்தைகூடச் சிரிக்கலை." அந்தச் சமயத்தில் சவூதி வேலைக்கான நேர்காணல் சென்னையில் நடந்தது. நண்பர்கள் போனார்கள். நான் போகவில்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை, அம்மா கேட்டாள். என்னால் ஒழுங்காக விளக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்த ஒன்று என்னைக் கொஞ்ச காலம் வருத்தியது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு சாயங்காலம் சார் தன் சக ஆசிரியர்களோடு நின்றிருந்தார். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். நான் சிரிக்கத் தொடங்கும்போதே அவர் முகத்தைத் திருப்பி, வராத பஸ்ஸைத் தேடுவதுபோல் தெருவைப் பார்த்தார். பாதிச் சிரிப்போடு நான் நின்றேன். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் என் தோழியைக் கடைத்தெருவில் பார்த்தால் தாய்மார்கள் ஓடிவந்து, "இந்த சிஸ்டர்தான் உன்னை முதல்ல கையில வாங்கினாங்க" என்று குழந்தையிடம் காட்டுவார்கள். இதய நோயாளிகள் சட்டையை விலக்கித் தழும்பையே காட்டுவார்கள். என் வேலையில் அது கிடையாது. எங்களிடம் குணமானவர்களுக்கு எங்களைத் தெரியாது, தெரியக்கூடாது. மெல்ல அது எனக்குப் புரிந்தது. முதலில் வணக்கம் சொல்லும் உரிமை அவர்களுடையது என்று வைத்துக்கொண்டேன். தெப்பக்குளம் துணிக்கடைகளில், திருவானைக்காவல் சிக்னலில் பழைய முகங்களைப் பார்ப்பேன். பார்த்தவுடன் நானே வேறு பக்கம் திரும்பிவிடுவேன். பக்கத்தில் வரும் என் மனைவி, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்பதை விட்டு வெகுகாலமாகிறது.

சென்ற தை மாதத்தில் கணக்கு சார் வார்டுக்கே வந்தார். தாம்பூலத் தட்டில் கல்யாணப் பத்திரிகை. வீடியோ சமயத்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குத் திருமணம். "குடும்பத்தோட வரணும்" என்றார். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். நான் யார் என்று சம்பந்தி வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? கடைசியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன்.

நினைத்ததுபோலவே மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "நீங்க…?"

"சாரோட பழைய ஸ்டூடண்ட்ங்க."

பஞ்சகச்சத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்த சார் நின்றுவிட்டார். "ஸ்டூடண்ட் இல்லை மாமி. இவர் நர்ஸ். நான் மனநல வார்டுல இருந்தப்போ என்னைப் பாத்துண்டவர்."

எனக்கு முதுகில் வியர்த்தது. சுற்றி அவர் உறவினர்கள், சக ஆசிரியர்கள். சார் என் தோளில் கை வைத்தார். "பயப்படாதே. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ஒரு இடம் இதனாலயே தட்டிப்போச்சு, போகட்டும்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "அந்த வீடியோவை எல்லாரும் பாத்தா. அதுக்கப்புறம் நடந்ததைப் பாத்தது இவர்."

 ஒருவர் தன் கையிலிருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, "சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்று என் மனைவியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும் வந்தார். தனியாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும். கும்பகோணத்துல எனக்கு ஒரு தம்பி இருக்கான். நன்னாப் படிச்சவன். ரூமை விட்டு வெளியிலே வரதே இல்லை. வருஷக்கணக்கா இப்படித்தான். யார்கிட்டேயும் சொன்னதில்லை. சம்பந்தி தன்னைப்பத்தி எல்லாம் சொன்னாரே, அன்னிக்குக்கூட எனக்கு வாய் வரலை." ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். "அவனை எங்கே கூட்டிண்டு வரணும்?"

சொன்னேன். "வரமாட்டேன்னா?" என்றார்.

"நான் ஒரு தடவை வந்து கேட்டுப் பாக்கறேன்மா."

டாக்டரிடம் சொல்லிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போயிருந்தேன். மாடியில் மூடிய கதவு. தட்டிவிட்டு என் பெயரையும் வேலையையும் சொன்னேன். மனநல வார்டு என்றே சொன்னேன். கதவைத் திறக்க வேண்டாம், வெளியில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. மாடிப்படியின் கீழே அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வெகுநாள் பேசாமல் கரகரத்துப்போன ஒரு குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"உக்காருங்கோ."