அழுக்காகாத கிளவுஸ்

மூன்று வாரம் இருக்கும். அரையிறுதி மேட்சில் எங்கள் டீம் ஜெயித்துவிட்டது. மைதானத்து வாசலில் ஆளுக்கொரு ரோஸ் மில்க் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஜான்சி மட்டும் குடிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தன் கிளவுஸை நீட்டினாள்.

“இத வேற யாருக்காவது குடுத்துருங்க மிஸ். புதுசாதான் இருக்குது. அழுக்கே ஆவல.”

பன்னிரண்டு வயதுப் பெண். அழவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. லைப்ரரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

எனக்கு அதற்கு மேல் ரோஸ் மில்க் இறங்கவில்லை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் புரட்டுகிறவள். ஞாயிறு காலையில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறவள். காலேஜில் ஆடியது. விட்ட குறை தொட்ட குறை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

சாஃப்ட்பால் என்றதும் பஞ்சுப் பந்து என்று நினைத்துவிடாதீர்கள். முழங்காலில் பட்டால் மூன்று நாள் நொண்ட வேண்டியதுதான். களத்தில் ஒன்பது பேர். என் டீமிலோ பதினான்கு பேர். வில்லங்கமே அங்கேதான்.

டீம் ஆரம்பித்தபோது ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பெண் பிள்ளையை வெயிலில் ஓட விடுவதா என்று தயங்கிய அம்மாக்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன் — “வர்ற பிள்ளைங்க எல்லாரும் ஆடுவாங்க. யாரையும் சும்மா உக்கார வெக்க மாட்டேன்.”

முதல் வருடம் வாக்குத் தவறவில்லை. எல்லாரும் ஆடினார்கள். எல்லா மேட்சிலும் தோற்றோம். தோற்கிற டீமில் நியாயஸ்தராக இருப்பது ரொம்ப சுலபம்... ஒரு செலவும் இல்லை.

அப்புறம் கயல் என்று ஒரு பெண் வந்தாள். பந்து போடுகிற வேகத்தில் எதிர் டீம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பேட் வீசுவார்கள். ரன் எடுக்க ஓடுகிறவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய மூலைகளுக்கு பேஸ் என்று பேர். இரண்டாவது பேஸைக் காக்க சங்கீதா கிடைத்தாள். அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது. ஜெயிக்க ஆரம்பித்தோம். எனக்குப் புத்தியும் கெட ஆரம்பித்தது.

முதலில் ஒரு மேட்சில் மட்டும் ஐந்து பேரை உட்கார வைத்தேன். “இது முக்கியமான மேட்ச்மா.” அடுத்ததும் முக்கியமான மேட்ச். அதற்கடுத்தது இன்னும் முக்கியம். ஜெயிக்கிற டீமுக்கு முக்கியமில்லாத மேட்ச் என்று ஒன்று உண்டா என்ன?

மற்ற நான்கு பேருக்காவது நடுநடுவே ஓர் இன்னிங்ஸ் கிடைத்தது. ஜான்சிக்கு அதுவும் இல்லை. பிறகு தானாக வந்து சேர்ந்தவள், அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. தென்னேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிற பெண் அவள். பேட்டிங் சுமார். கேட்ச் அதைவிட சுமார். ஸ்கோர் அழகாக எழுதுவாள். எழுது என்று நோட்டைக் கொடுத்துவிட்டேன். மேட்ச் மேட்சாக எழுதிக்கொண்டே இருந்தாள், அவள் பேர் மட்டும் இல்லாத ஸ்கோரை.

அன்றைக்கு அவள் போன பிறகு சங்கீதாதான் சொன்னாள்.

“இன்னிக்கு அவங்கம்மா வந்திருந்தாங்க மிஸ். ஷிஃப்ட்ட மாத்திக்கினு, அவ ஆடறத பாக்கறதுக்குன்னே வந்தாங்க.”

“எங்கே? நான் பார்க்கவே இல்லையே.”

“வேப்ப மரத்தாண்ட, கம்பெனி யூனிஃபார்ம்ல நின்னாங்களே.”

பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, பேசியும் இருக்கிறேன். ஐந்தாவது இன்னிங்ஸில் அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து, “அடுத்து யாரு மிஸ் உள்ள போவாங்க?” என்று கேட்டார். எதிர் டீம் பிள்ளையின் அம்மா என்று நினைத்துக்கொண்டு நான் சொன்ன பதில் இதுதான் — “கோட்டு மேல நிக்காதீங்கம்மா, தள்ளி நில்லுங்க.”

இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஃபைனல். எங்கள் டீம் இதுவரை கோப்பை என்ற வஸ்துவைத் தொட்டுப் பார்த்ததில்லை. நடுவில் வியாழக்கிழமை, நேரம் சொல்வதற்காகப் பிள்ளையார்பாளையத்தில் சங்கீதா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஏகாம்பரம் தறியில் இருந்தார். தறி மிதியிலிருந்து காலை எடுக்காமலே பேசினார்.

“ஞாயித்துக்கெழம அமாவாசதான மிஸ்ஸு? தறி லீவு. நானும் வரேன். நம்ம தெருவுல அஞ்சாறு பேர் வராங்க. எம் பொண்ணு ஆடி நான் ஒரு தபா கூடப் பாத்ததில்ல.”

அமாவாசையன்று அந்தத் தெருக்களில் தறிச் சத்தம் இருக்காது. மற்ற ஞாயிறெல்லாம் அவர்களுக்கு வேலை நாள். அப்பாக்கள் மொத்தமாக மேட்சுக்கு வரப்போவது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டேன்... வண்டியை எடுக்கும் வரைதான். ஃபைனலில் ஜான்சியை ஆட வைப்பது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் இரண்டாவது பேஸுக்குத்தான் பழகியவள். அவளை இறக்கினால் சங்கீதா வெளியே உட்கார வேண்டும். ஓர் அம்மா ஏற்கெனவே ஏமாந்து போயாயிற்று. இப்போது ஓர் அப்பாவையும் ஏமாற்றவா?

சனிக்கிழமை மதியம் கிளவுஸை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் தென்னேரி போனேன். ஏரிக்கரையை ஒட்டிய தெரு. ஜான்சியின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப் போனார்.

“ஐயோ, அதெல்லாம் இன்னாத்துக்கு மிஸ். நாந்தான் வூட்டுக்கு வந்ததும் ஏண்டி நீ ஆடலன்னு கேட்டுட்டேன். நான் வராமலே இருந்திருக்கலாம். அவ ஸ்கோர் எழுதிக்கினு சந்தோஷமா இருந்திருப்பா.”

உள்ளே கதவோரத்தில் ஜான்சி நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு நீ முதல் நான்கு இன்னிங்ஸ் ஆடுகிறாய் என்றேன். மேட்ச் மொத்தம் ஏழு இன்னிங்ஸ். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ ஒரு கண்டிஷன் போட்டாள்.

“ஓரமா, பந்தே வராத எடத்துல நிக்க வெக்கக் கூடாது மிஸ். செகண்ட் பேஸ்னா வரேன்.”

சரி என்று சொல்லிவிட்டு, வாலாஜாபாத் வரும் வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே ஒரு சார்ட் அட்டையில் பதினான்கு பேரையும் எழுதினேன். யார் எந்த இன்னிங்ஸில் உள்ளே, யார் எப்போது வெளியே. காலையில் அதை மைதானத்து வேப்ப மரத்தில் கட்டினேன். சங்கீதா படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஏகாம்பரமும் தெருக்காரர்களும் வெள்ளை வேட்டியில் வந்து புல்லில் வரிசையாக அமர்ந்தார்கள். நான் அவரிடம் போய், சங்கீதா ஐந்தாவது இன்னிங்ஸில்தான் இறங்குவாள் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அஞ்சாவதா? சரி மிஸ்ஸு. முன்னாடியே சொல்லிட்டீங்கல்ல, இருக்கறோம். எப்பன்னு தெரியாம உக்காந்துக்கினு இருக்கறதுதான் பேஜாரு.”

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் டோக்கன் கையில் இருந்தால் ஆஸ்பத்திரியில் அரை நாள்கூட அமைதியாக உட்கார்ந்திருப்போம். டோக்கன் இல்லையென்றால் பத்தாவது நிமிஷமே சண்டை. இத்தனை மேட்ச் நான் ஜான்சியை டோக்கன் இல்லாமல் உட்கார வைத்திருந்தேன்.

மேட்ச் தொடங்கியது. ஜான்சியின் அம்மா இந்த முறையும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கோட்டிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் நான் பயந்தது நடந்தது. சாதாரணமாக உருண்டு வந்த பந்து ஜான்சியின் காலுக்கு நடுவே புகுந்து போனது. எதிர் டீமுக்கு இரண்டு ரன். சங்கீதாவைக் கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. மரத்தில் தொங்கிய சார்ட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஜான்சி பேட் பிடித்தாள். இரண்டு பந்தைத் தவறவிட்டாள். இன்னும் ஒன்று விட்டால் அவுட். மூன்றாவது பந்து பேட்டின் ஓரத்தில் பட்டு, கீப்பர் தலைக்கு மேலே பறந்து பின்னால் வேலியில் போய் மோதியது.

“ஃபோரு” என்று ஏகாம்பரம் எழுந்து நின்றார். தெருக்காரர்கள் மொத்தமும் கை தட்டினார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதில் கீப்பருக்குப் பின்னால் போனால் நாலு ரன். எங்கள் ஆட்டத்தில் அது ஃபவுல், ரன்னே கிடையாது. ஆனால் இரண்டு பந்து தவறிய பிறகு அப்படித் தட்டிவிட்டால் அவுட்டும் கிடையாது, பந்தை மறுபடி போட வேண்டும். போட்டார்கள். மறுபடி ஓரத்தில் பட்டுப் பின்னால். மறுபடி ஃபோர். மறுபடி கைதட்டல். நான் போய்ச் சொல்லியிருக்கலாம்... சொல்வேனா?

ஜான்சிக்கு ரூல் தெரியும். ஸ்கோர் எழுதுகிறவள் ஆயிற்றே. ஆனாலும் ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவள் தோள் கொஞ்சம் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஆறு முறை தட்டிவிட்டாள். பந்து போடுகிற பெண்ணுக்குச் சலிப்பு வந்துவிட்டது. நடுநடுவே அகலமாகப் போட ஆரம்பித்தாள். அப்படி நான்கு தப்புப் பந்து சேர்ந்தால் பேட் பிடிப்பவள் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். ஜான்சி நடந்தாள். அடுத்து வந்த கயல் ஓங்கி ஒன்று அடித்தாள். பந்து மூலையில் போய் விழ, ஜான்சி மீதி இரண்டு பேஸையும் சுற்றி, பேட் பிடித்த இடமான ஹோமுக்கே ஓடி வந்து சறுக்கி விழுந்தாள். எங்களுக்கு ஒரு ரன். செம்மண்ணில் தலை முதல் கால் வரை குளித்திருந்தாள். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஐந்தாவது இன்னிங்ஸில் சொன்னபடி சங்கீதா இறங்கினாள். இரண்டு பேரை அவுட் ஆக்கினாள். ஏகாம்பரம் அதற்கும் எழுந்து நின்றார். ஆனால் ஒரு ரன்னில் தோற்றுப் போனோம்.

ஜான்சி விட்டது இரண்டு ரன். எடுத்தது ஒன்று. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பை போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கயல் அழுதாள், அவளுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாமல் நானும் முழித்தேன். ஜெயிக்க ஆசைப்படுவது பாவமில்லை. அந்த ஆசைக்கான விலையை ஒரே பிள்ளையிடமே வசூலித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் பாவம். அடுத்த வருடமும் கோப்பைக்குத்தான் ஆடப் போகிறோம். சார்ட்டும் மரத்தில் தொங்கும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மேட்ச் முடிந்ததும் தெருக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டியதுதான் வேடிக்கை. ஏகாம்பரம் என்னிடம் வந்து, “நாமதான ஜெயிச்சது மிஸ்ஸு?” என்றார். இல்லை என்றேன். “அப்டியா, எல்லா பொண்ணுங்களும் ஆடிச்சே” என்றார் ஆச்சரியமாக.

போன ஞாயிறு பிராக்டிஸுக்குப் பதினாறு பேர் வந்தார்கள். புதிய இருவரும் ஏகாம்பரம் தெருப் பிள்ளைகள். இனி சார்ட்டுக்குப் பெரிய அட்டை வாங்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றவள் ஜான்சி. கிளவுஸ் முழுக்கச் செம்மண் காய்ந்து போயிருந்தது.

“அம்மா கழுவச் சொல்லுது மிஸ். நான் மாட்டேன்னுட்டேன்.”

லெதரைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று ஒரு நல்ல காரணம் உண்டு. அதை நான் சொல்லவில்லை — அவளிடம் அதைவிட நல்ல காரணம் இருந்தது.