சோலையம்மாள் பரணில் நாச்சிமுத்து பூண்டு

மன்னவனூர் நாச்சிமுத்து வீட்டுக்குள் போய் வந்தால், துவைக்கிற வரைக்கும் சட்டையில் பூண்டும் புகையும் மணக்கும். விறகடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கும். புகை பட்டால்தான் அடுத்த நடவு வரைக்கும் கெடாமல் நிற்கும். சன்னலைத் திறந்து புகையை வெளியே விட்ட குற்றத்துக்காகப் பெண்டாட்டி மகாதேவியோடு பேச்சையே நிறுத்திய மனுசன்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் மாசம் நிறையும் முன்னே அவசரப்பட்டுப் பிறந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு குழிவிழுந்தது. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். அதோடு சேர்ந்த இன்னொரு குழாயின் நுனி தண்ணீர்ப் பாட்டிலுக்குள் குமிழியிட்டது.

"நுரையீரல் இன்னும் முத்தலைங்க. மூச்சு விட்டதும் அது சுருங்கி ஒட்டிக்காம இந்தக் காத்துத் தாங்கிப் பிடிக்கும்" என்றார் நர்ஸ் மகாராணி.

நாச்சிமுத்து கண்ணாடிக்கு வெளியே நின்று, முருகனுக்குப் போடவேண்டிய கும்பிடையெல்லாம் அந்தப் பாட்டிலுக்குப் போட்டார்.

மகள் தேறினாள். ஆனாலும் கொஞ்சநாள் வீட்டிலும் ஆக்சிசன் மெஷின் வேண்டுமாம்.

"வீட்டுல விறகடுப்பா?" என்று கேட்டார் நர்ஸ்.

"அதெல்லாம் இல்லைங்க." வாய் முந்திக்கொண்டது. மகாதேவி முறைத்த முறைப்பில், "இருக்குங்க... பூண்டுக்காக" என்றார்.

"அடுப்பு எரியுற வீட்டுக்குப் பாப்பாவ அனுப்ப முடியாதுங்க. புகை ஆகாது. ஆக்சிசன் பக்கத்துல நெருப்பே கூடாது."

நாச்சிமுத்து மட்டும் முன்னால் ஊருக்கு வந்தார். அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். பூண்டை இறக்கி வாசலில் போட்டுவிட்டு, பள்ளத்திலிருந்து மேலேறி வரும் பனிமஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஈரம் பட்டால் அடுத்த வருசத்து வெள்ளாமையே போச்சு.

வாய்க்கால் சண்டையில் பேச்சை விட்டிருந்த பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, பூண்டுக்குக் குளிர் காட்டுறியா?"

நாச்சிமுத்து மகள் கதையைச் சொன்னார். முழுக்கச் சொல்ல அவள் விடவில்லை.

"வெரசா தூக்கு. எங்க பரண்ல எடம் கெடக்கு."

"உங்க பூண்டோட கலந்துறாதுல்லக்கா?"

"உன் மூஞ்சி மாதிரியே கெடக்கு, எவளுக்கு வேணும்? தூக்குலே!"

இப்போது நாச்சிமுத்து வீட்டில் கரண்ட் அடுப்பு. சோலையம்மாள் அடுப்புக்கு விறகு வெட்டிப் போடுவது அவர் சோலி. யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. அங்கிருந்து வந்தால், புகை மணக்கும் சட்டையை வெளியே கொடியில் போட்டு, நடுங்க நடுங்கக் குளித்துவிட்டுத்தான் மகள் பக்கம் போவார்.

"பிள்ளை நல்லா மூச்சு விடுதாலே?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்.

"விடுதுக்கா" என்பார், குளித்த குளிரில் பல் கிட்டிக்க.